பக்கவாத நோயாளிகளிடம் போதைப்பொருள் சோதனை: பாகுபாடு

கொக்கெய்ன், ஆம்ஃபெட்டமின் போன்றவை இரத்த அழுத்தத்தைத் திடீரென உயர்த்தும். மூளைத் தமனிகளைச் சுருக்கவும் கசியவும் வைக்கும். அதனால் பக்கவாதத்தின் காரணத்தை அறியச் சிறுநீர்ச் சோதனை செய்யப்படுகிறது. இரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்துக்கான அமெரிக்க மருத்துவ வழிகாட்டுதல்கள் இதை எல்லோருக்கும் வலியுறுத்தாமல், தேவைப்படும் நோயாளிகளுக்கு என மருத்துவரின் முடிவுக்கு விட்டிருக்கின்றன. பாகுபாடு நுழைவது இங்கேதான். இளவயதினர், புகைப்பவர்கள், கறுப்பின மக்கள் ஆகியோரிடமே சோதனை அதிகம் நடப்பதாக அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன. சோதிக்கப்படாதவர்களிடையே உள்ள பயன்பாடு கணக்கில் வராது. தேடிய இடத்தில் கிடைத்ததைக் கொண்டே மறுபடியும் அங்கேயே தேடுகிறார்கள்.

இந்தச் சாய்வு பக்கவாதத்தோடு நிற்பதில்லை. ஃபுளோரிடாவின் பினெல்லஸ் மாவட்டத்தில் கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வு 1990-இல் வெளியானது. போதைப்பொருள் பயன்பாடு வெள்ளையரிடமும் கறுப்பினத்தவரிடமும் ஏறக்குறைய சமமாகவே இருந்தது. அதிகாரிகளிடம் புகாரளிக்கப்பட்டதோ கறுப்பினப் பெண்கள் மீது சுமார் பத்து மடங்கு அதிகம். கர்ப்பிணிகளின் சிறுநீரை ஒப்புதலின்றிச் சோதித்து முடிவைக் காவல்துறையிடம் தந்தது தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகர அரசு மருத்துவமனை. அதை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட ஃபெர்குசன் வழக்கில் 2001-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்தகைய சோதனையை அரசியலமைப்புக்கு முரணான தேடல் என்றது.

முதல்நிலைச் சோதனையும் பிழையற்றதன்று. பக்கவாத நோயாளிக்கு இரத்த அழுத்தம் குறைக்கத் தரப்படும் லாபெட்டலால் மருந்தே ஆம்ஃபெட்டமின் இருப்பதாகப் பொய்யான முடிவைத் தரலாம். உறுதிசெய்யும் இரண்டாம் சோதனை இல்லாமல் அந்த முடிவை மருத்துவக் குறிப்பில் எழுதிவிட்டால், அடுத்தடுத்து வரும் மருத்துவர்களும் அதையே படிப்பார்கள்.