கட்டுரைக்குப் பணம் கொடுத்தவர் யார்?

மருத்துவ ஆராய்ச்சி ஏடு ஒன்றை நீங்கள் எப்போதாவது புரட்டிப் பார்த்ததுண்டா? ஒவ்வொரு கட்டுரையின் முடிவிலும், மேற்கோள் நூற்பட்டியலுக்குச் சற்று முன்பாக, பொடி எழுத்தில் ஒரு பத்தி இருக்கும். ஆராய்ச்சிக்குப் பண உதவி செய்தவர் யார், கட்டுரையாளர் எந்த நிறுவனத்திடம் ஊதியம் பெறுகிறார் என்பன போன்ற செய்திகள் அதில் அடங்கியிருக்கும். பெரும்பாலோர் அதைப் படிப்பதில்லை. மருத்துவர்களும் இதற்கு விலக்கல்லர். அப்பத்தி தொன்றுதொட்டு இருந்து வருவது என எண்ணிவிடாதீர்கள். அது இல்லாத காலத்தில் அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்ச்சியை இங்கே காண்போம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் மாரடைப்பினால் இறப்போர் தொகை அச்சம் தரும் அளவில் இருந்தது. 1955-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவரே மாரடைப்புக்கு ஆளானார். உணவில் குற்றவாளி எது என்ற கேள்வி எழுந்தது. பூரிதக் கொழுப்பும் கொலஸ்டிராலுமே காரணம் என்றார் மின்னசோட்டாப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஆன்செல் கீஸ். இல்லை, சர்க்கரையே காரணம் என்றார் லண்டனில் பணியாற்றிய ஜான் யுட்கின். இருவர் பக்கமும் சான்றுகள் இருந்தன; இருவர் சான்றிலும் ஓட்டைகளும் இருந்தன.

1965 ஜூன் மாதத்தில் ஒரு மருத்துவ ஏட்டில் சர்க்கரையையும் இதய நோயையும் தொடர்புபடுத்தும் கட்டுரைகள் வெளிவந்தன. ஜூலை 11-ஆம் நாள் நியூயார்க் ஹெரால்டு டிரிபியூன் நாளிதழ் அதனை அரைப் பக்கச் செய்தியாக்கியது. சர்க்கரை ஆலைகளின் சார்பில் இயங்கிய சர்க்கரை ஆராய்ச்சி நிறுவனம் வாளாவிருக்கவில்லை. இரண்டே நாட்களில், ஜூலை 13-இல், அதன் செயற்குழு ‘திட்டம் 226’ என்ற ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தது.

அத்திட்டம் புதிய சோதனை எதையும் செய்வதற்கன்று. ஒரு தொகுப்பாய்வுக் கட்டுரை எழுதச் செய்வதே அதன் நோக்கம். தொகுப்பாய்வு என்பது என்ன? ஒரு பொருளைப் பற்றி ஏற்கெனவே வெளிவந்துள்ள ஆய்வுகளையெல்லாம் ஒருங்கே எடுத்துவைத்து, எது நம்பத்தக்கது, எது தள்ளத்தக்கது என்று வல்லுநர் ஒருவர் தீர்ப்புக் கூறுவது. நோயாளிகளுக்கு நடுவே நிற்கும் மருத்துவருக்கு நூற்றுக்கணக்கான ஆய்வுகளைப் படிக்க நேரம் ஏது? அவர் படிப்பது தொகுப்பாய்வைத்தான். ஆகவே ஒரு சோதனையை வளைப்பதைவிடத் தொகுப்பாய்வை வளைப்பது அதிகப் பயன் தரும், செலவும் குறைவு.

கட்டுரை எழுத இசைந்தவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் ஊட்டச்சத்துத் துறையை நிறுவிய ஃபிரெட்ரிக் ஸ்டேர், அத்துறையின் பேராசிரியர் மார்க் ஹெக்ஸ்டெட், உடன் பணியாற்றிய ராபர்ட் மக்காண்டி ஆகிய மூவர். சர்க்கரை நிறுவனத்தின் ஆராய்ச்சி இயக்குநர் ஜான் ஹிக்சன் தொடக்கத்தில் பேசிய தொகையில் ஒரு பாதி வேலையைத் தொடங்கும்போது. மறு பாதி, கட்டுரையை ஏடு ஏற்றுக்கொண்ட செய்தி வந்த பின்! மொத்தத்தில் கொடுத்தது 6,500 டாலர். 2016-ஆம் ஆண்டு மதிப்பில் இது ஏறக்குறைய 50,000 டாலர் ஆகும்.

ஹிக்சன் எழுதிய கடிதங்களில் ஒளிவுமறைவு இல்லை. சர்க்கரையைப் பற்றிய குற்றச்சாட்டுகளே எங்கள் அக்கறை, அது பொதுவான விவரங்களில் மூழ்கிவிட்டால் ஏமாற்றமடைவேன் என்ற பொருள்பட அவர் எழுதினார். உங்கள் அக்கறையை நன்கு அறிவோம், இயன்றவரை செய்வோம் என்று பதில் சென்றது. கட்டுரை தாமதமானதற்கு ஹெக்ஸ்டெட் கூறிய காரணம் இன்னும் வியப்பானது. ஐயோவாப் பல்கலைக் கழகக் குழுவினர் சர்க்கரைக்கு எதிராகப் புதிய கட்டுரை வெளியிடும் ஒவ்வொரு முறையும், மறுப்பாக ஒரு பகுதியைத் திருத்தி எழுத வேண்டியிருக்கிறதாம்! புதிய சான்று வந்தால் தீர்ப்பு மாறலாமே என்ற எண்ணம் அவ்வரியில் தென்படவில்லை. கட்டுரையின் வரைவுகளையும் ஹிக்சன் பார்த்தார். நாங்கள் எண்ணியது இதைத்தான் என்று மகிழ்ந்து எழுதினார்.

1967 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில், நியூ இங்கிலாந்து மருத்துவ ஏட்டில் அக்கட்டுரை இரண்டு பகுதிகளாக வெளிவந்தது. 1812-இல் தோன்றிய அவ்வேட்டின் மதிப்பு உலகறிந்தது. இதய நோயைத் தடுக்க உணவில் கொலஸ்டிராலைக் குறைத்து, பூரிதக் கொழுப்புக்கு மாறாகப் பூரிதமாகாத எண்ணெய்களைச் சேர்த்தால் போதும் என்பது அதன் முடிவு.

கட்டுரையில் பொய்த் தகவல் புகுத்தப்பட்டதாக எண்ண வேண்டாம். அளவுகோல்தான் இரண்டாக இருந்தது. சர்க்கரையைக் குற்றஞ்சாட்டிய ஆய்வுகளில் நுணுகி நுணுகிக் குறை கண்டனர்: கொடுத்த அளவு மிக அதிகம், காலம் மிகக் குறைவு, விலங்குக்கு நேர்வது மனிதனுக்கு நேருமா என்றெல்லாம். கொழுப்பைக் குற்றஞ்சாட்டிய ஆய்வுகளுக்கு அத்தகைய கெடுபிடி இல்லை. மேலும், சர்க்கரை உயர்த்துவது இரத்தத்திலுள்ள டிரைகிளிசரைடை; இவர்களோ கொலஸ்டிரால் ஒன்றையே அடையாளமாகக் கொண்டனர். ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு என்பார்கள். இங்கே சுண்ணாம்பு விழுந்தது வெண்ணெய்க்குத்தான்.

கட்டுரையாளர்களின் ஆராய்ச்சிகளுக்கு வேறு சிலர் அளித்த உதவி கட்டுரையில் குறிப்பிடப்பட்டிருந்தது. சர்க்கரை நிறுவனத்தின் பெயர் இல்லை. இதழாசிரியரைக் குறை கூறலாமா? கேட்க வேண்டும் என்ற விதியே அன்று இல்லை.

செய்தி எப்படி வெளிவந்தது? கிறிஸ்டின் கேர்ன்ஸ் என்ற பல் மருத்துவர், சர்க்கரைத் தொழிலின் பழைய தாள்களைத் தேடி நூலகம் நூலகமாகச் சென்றார். அந்நிறுவனத்தின் ஆலோசகராயிருந்த ரோஜர் ஆடம்ஸ் என்ற வேதியியல் பேராசிரியரின் கடிதங்கள் இல்லினாய்ஸ் பல்கலைக் கழகத்தில் பத்திரமாக இருந்தன. ஹெக்ஸ்டெட்டின் கடிதங்கள் ஹார்வர்டிலேயே கிடைத்தன. லாரா ஷ்மிட், ஸ்டான்டன் கிளான்ட்ஸ் ஆகியோருடன் சேர்ந்து 2016-இல் அவர் இவற்றை வெளியிட்டபோது, ஹிக்சனோ ஹார்வர்டு அறிஞர்களோ உயிருடன் இல்லை. இன்னும் வெளிப்படையாக நடந்திருக்க வேண்டும் என்று சர்க்கரைச் சங்கம் ஒப்புக்கொண்டது. ஆனால் அந்நாளில் அது வழக்கமில்லை என்றும் கூறியது.

எதிர்த்தரப்பையும் நீங்கள் கேட்க வேண்டும். 2018-இல் டேவிட் ஜான்ஸ், ஜெரால்டு ஓப்பன்ஹைமர் என்னும் இரு வரலாற்றறிஞர்கள் இதனைச் சதி என்று கூறுவது தவறு என எழுதினர். தொழில் நிறுவனங்களிடம் பணம் பெறுவது அன்று எங்கும் உள்ள வழக்கம். ஹார்வர்டு அறிஞர்கள் பணம் வருமுன்பே கொழுப்பைத்தான் ஐயுற்றனர் என்பது அவர்கள் வாதம். இதில் உண்மை உண்டு. 1977-இல் அமெரிக்க ஆட்சிமன்றக் குழு வெளியிட்ட உணவுக் குறிக்கோள்களை ஆதரித்து முன்னின்றவர் இதே ஹெக்ஸ்டெட். சர்க்கரையைக் குறைக்க வேண்டும் என்பதும் அக்குறிக்கோள்களில் ஒன்று! ஆகவே அவரை விலைபோனவர் என்று ஒரு சொல்லில் முடித்துவிட எனக்கு மனம் இல்லை. கொழுப்பு குற்றமற்றது என்றும் நீங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. பூரிதக் கொழுப்பைக் குறைக்கும்படி உலக சுகாதார நிறுவனம் இன்றும் கூறுகிறது. உணவில் சேர்க்கும் சர்க்கரையிலிருந்து வரும் ஆற்றல் நூற்றுக்குப் பத்துப் பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும் என 2015-இல் கூறியதும் அதே நிறுவனந்தான். எனினும் ஓர் ஐயம் நிற்கிறது. நேர்மையாகவே அம்முடிவுக்கு வந்திருந்தால், பணம் கொடுத்தவர் பெயரை ஒரு வரி எழுதுவதில் என்ன இடர்?

அந்த ஒரு வரியை நியூ இங்கிலாந்து மருத்துவ ஏடு கட்டாயமாக்கியது 1984-இல், ஆர்னால்டு ரெல்மன் ஆசிரியராயிருந்தபோது. கட்டுரை வெளிவந்து 17 ஆண்டுகள் கழித்து! 1990-இல் விதி மேலும் இறுகியது: ஒரு பொருளில் பண நலன் உடையவர் அப்பொருளைப் பற்றித் தலையங்கமோ தொகுப்பாய்வோ எழுதக் கூடாது. 2002-இல் அது தளர்ந்தது. பண உறவே இல்லாத வல்லுநர் கிடைப்பது அரிதாகிவிட்டதாம். ஒரு நிறுவனத்திடம் ஆண்டுக்கு 10,000 டாலர் வரை பெற்றவர் எழுதலாம் என்றாயிற்று.

ஆனால் இதழாசிரியரின் கைக்கே வராத ஆய்வுக்கு எந்த விதி பொருந்தும்? 1968-இல் அதே சர்க்கரை நிறுவனம் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக் கழகத்தில் ‘திட்டம் 259’ என்ற எலி ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது. சர்க்கரை உண்ட எலிகளின் சிறுநீரில், மூத்திரப்பைப் புற்றுநோயுடன் தொடர்புடையதாக அன்று கருதப்பட்ட ஒரு நொதி மிகுந்திருப்பதற்கான அறிகுறி தெரிந்தது. ஆராய்ச்சியை முடிக்க இன்னும் 12 வாரம் வேண்டும் என்றார் அறிஞர் போவர். 1970-இல் பண உதவி நிறுத்தப்பட்டது. தாமதமும் மிகுசெலவுமே காரணம் என்று சர்க்கரைச் சங்கம் 2017-இல் விளக்கம் தந்தது. அந்த எலிகளைப் பற்றிய கட்டுரை எந்த ஏட்டிலும் வெளிவரவே இல்லை.