சிட்னி – லண்டன் விமானப் பயணம்

ஆஸ்திரேலியாவின் சிட்னியையும் பிரிட்டன் தலைநகர் லண்டனையும் இணைக்கும் வான்வழிக்குக் 'கங்காரு தடம்' என்று பெயர். பூமியின் வளைவை ஒட்டி அளந்தால் இரு நகரங்களுக்கும் இடையே சுமார் 17,016 கி.மீ.; பூமியின் சுற்றளவில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் சற்று அதிகம். சிங்கப்பூரில் ஒருமுறை இறங்கிச் செல்லும் விமானத்தில் பயணம் ஏறத்தாழ ஒரு முழு நாள் பிடிக்கும். சிங்கப்பூரைத் தொடுவதால் கூடும் தொலைவு 200 கி.மீ.க்கும் குறைவுதான், எரிபொருள் நிரப்பக் காத்திருக்கும் நேரம்தான் பயணத்தை நீட்டுகிறது. இந்தத் தடத்தின் வரலாறே நிறுத்தங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்த வரலாறு எனலாம்.

1919 நவம்பர் 12 அன்று இங்கிலாந்திலிருந்து கிளம்பிய ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் சகோதரர்களின் விக்கர்ஸ் விமி விமானம் டிசம்பர் 10 அன்று ஆஸ்திரேலியாவின் டார்வினில் இறங்கியது. 1935இல் தொடங்கிய பயணிகள் சேவைக்குப் பிரிஸ்பேனிலிருந்து லண்டனுக்குப் பன்னிரண்டரை நாள் ஆனது. இடையில் ஐரோப்பாவில் ஒரு பகுதியை ரயிலில் கடக்க வேண்டியிருந்தது.

இரண்டாம் உலகப் போரில், 1942இல் சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்ததும் தடம் அறுந்தது. அதை ஒட்டவைத்தது இலங்கை. 1943 முதல் 1945 வரை ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவாண்டாஸின் கேட்டலினா கடல்விமானங்கள் பெர்த் நகரின் சுவான் ஆற்றிலிருந்து கிளம்பி, 5,600 கி.மீ.க்கும் அதிகமான இந்தியப் பெருங்கடலை ஒரே வீச்சில் தாண்டி, காலிக்கு அருகே கொக்கல ஏரியில் இறங்கின. எரிபொருளின் பாரம் போக மூன்று பயணிகளுக்கும் சிறிதளவு தபாலுக்கும்தான் இடம் இருந்தது. எதிரிக்கு இருப்பிடம் தெரியாதிருக்க ரேடியோவில் வாய் திறக்காமல், நட்சத்திரங்களைப் பார்த்தே திசை கணித்தார்கள். பயணம் 27 முதல் 33 மணி நேரம் வரை நீளும். வானில் இருக்கும்போதே இரண்டு முறை சூரியன் உதித்துவிடும். 'இரட்டைச் சூரியோதயம்' கண்டதாகப் பயணிகளுக்குச் சான்றிதழும் வழங்கப்பட்டது. இவ்வளவு துணிச்சலான விமானச் சேவை வேறொன்று இருந்திருக்குமா என்பது சந்தேகமே.

போருக்குப் பின், 1947 டிசம்பரில், கான்ஸ்டலேஷன் விமானம் டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி எனத் தங்கித் தங்கி நான்கு நாளில் லண்டனை எட்டியது. ஜெட் விமானங்கள் வந்தபின் நாள் கணக்கு மணிக் கணக்கானது.

எங்கும் இறங்காமல் பறப்பது 1989 ஆகஸ்டில் ஒருமுறை சாதிக்கப்பட்டது. குவாண்டாஸின் புதிய போயிங் 747-400, லண்டனிலிருந்து 20 மணி 9 நிமிடத்தில் சிட்னி சேர்ந்தது. தரையில் ஓடும்போது எரிபொருள் வீணாகாதிருக்க, அதை ஓடுபாதை வரை இழுவை வண்டியால் இழுத்துச் சென்றார்கள். 2019 நவம்பரில் போயிங் 787-9 ஒன்று சோதனையாக அதே தொலைவை 19 மணி 19 நிமிடத்தில் கடந்தது. இரண்டும் கிழக்கு நோக்கிய பயணங்கள். மேலடுக்குக் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுவதால் அத்திசையில் வேகம் கூடும். சிட்னியிலிருந்து லண்டன் செல்லும் விமானம் அதே காற்றை எதிர்த்துப் போக வேண்டும்.

2018 மார்ச்சில் பெர்த்திலிருந்து லண்டனுக்கு (சுமார் 14,500 கி.மீ.) நேரடிச் சேவை தொடங்கிவிட்டது, பயணம் சுமார் 17 மணி நேரம். சிட்னி நேரடிச் சேவையையும் மனத்தில் வைத்து 2022இல் குவாண்டாஸ் 12 ஏர்பஸ் ஏ350-1000 விமானங்களுக்கு ஆணை கொடுத்தது. முந்நூறுக்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய அந்த விமானத்தில் 238 இருக்கைகள் மட்டுமே வைக்கவும், கூடுதல் எரிபொருள் தொட்டி பொருத்தவும், பயணிகள் எழுந்து நடந்து கைகால் நீட்டத் தனி இடம் ஒதுக்கவும் திட்டமிடப்பட்டது.