பயன்படுத்திய சிறு எஸ்யூவி வாங்குதல்

பயன்படுத்திய சிறு எஸ்யூவி வாங்குதல் என்பது, ஏற்கனவே ஒருவர் பெயரில் பதிவு செய்யப்பட்டு ஓட்டப்பட்ட சிறிய எஸ்யூவி வகை மகிழுந்தை மற்றொருவர் விலைக்குப் பெறுவதாகும். பேச்சு வழக்கில் இத்தகைய மகிழுந்து பழைய வண்டி அல்லது செகண்ட் ஹேண்ட் வண்டி எனப்படுகிறது. உயரமான இருக்கை, தரையிலிருந்து கூடுதல் இடைவெளி, ஐவர் அமரத்தக்க இடம் ஆகியவற்றைக் குறைந்த செலவில் பெற விரும்பும் குடும்பங்கள் இம்முறையை நாடுகின்றன. இக்கட்டுரை இந்தியாவில் உள்ள நடைமுறையை விளக்குகிறது. இங்கு வாங்குபவரின் இழப்பையும் ஆதாயத்தையும் முடிவு செய்வதில் வண்டியின் விலையை விட அதன் வரலாறும் ஆவணங்களுமே பெரும் பங்கு வகிக்கின்றன.

வகையின் தோற்றம்

2006 ஆம் ஆண்டு இந்திய நடுவண் அரசின் வரவு செலவுத் திட்டம் சிறு மகிழுந்துகளுக்கான உற்பத்தி வரியைக் குறைத்தது. 4 மீட்டருக்கு மிகாத நீளமும், பெட்ரோல் எனில் 1200 கன செ.மீ., டீசல் எனில் 1500 கன செ.மீ. அளவுக்கு மிகாத பொறியும் கொண்டவை இச்சலுகைக்கு உரியவை. இதனால் உற்பத்தியாளர்கள் எஸ்யூவி வடிவத்தையும் 4 மீட்டருக்குள் அடக்க முற்பட்டனர். 2013 இல் அறிமுகமான ஃபோர்ட் ஈக்கோஸ்போர்ட் இவ்வகையைப் பரவலாக்கியது. இது சென்னைக்கு அருகிலுள்ள மறைமலை நகரில் உருவாக்கப்பட்டது. மாருதி சுசுக்கி விட்டாரா பிரெஸ்ஸா (2016), டாட்டா நெக்சான் (2017), மகிந்திரா எக்ஸ்யூவி300 (2019), ஹூண்டாய் வென்யூ (2019), நிசான் மேக்னைட் (2020) ஆகியன தொடர்ந்து வந்தன. 2012 முதல் 2022 வரை இந்தியாவில் உருவாக்கப்பட்ட முதல் ரெனோ டஸ்டர் 4 மீட்டருக்கு மேல் நீளமுடையது. எனினும் பழைய வண்டிச் சந்தையில் இவற்றுடன் ஒப்பிடப்படுகிறது.

தகவல் ஏற்றத்தாழ்வு

பழைய வண்டியின் குறைகளை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார். அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அக்கெர்லாஃப் 1970 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இந்நிலையை ஆராய்ந்தார். நல்ல வண்டியையும் கெட்ட வண்டியையும் பிரித்தறிய இயலாத வாங்குபவர் இரண்டுக்கும் இடைப்பட்ட விலையையே தர முன்வருவார். அவ்விலை நல்ல வண்டி வைத்திருப்போருக்குக் கட்டுப்படியாகாது. எனவே அவர்கள் சந்தையிலிருந்து விலக, கெட்ட வண்டிகளின் பங்கு மிகும். இது போன்ற ஆய்வுகளுக்காக அவர் 2001 இல் பொருளியலுக்கான நோபல் பரிசை இருவருடன் பகிர்ந்து கொண்டார். பழைய வண்டி வாங்கும்போது செய்யப்படும் சோதனைகள் அனைத்தும் இந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் முயற்சிகளே.

விலையும் மொத்தச் செலவும்

காப்பீட்டுத் தொகையைக் கணக்கிட இந்தியாவில் ஒரு தேய்மான அட்டவணை பின்பற்றப்படுகிறது. அதன்படி வண்டியின் மதிப்பு முதலாம் ஆண்டின் முடிவில் 15%, இரண்டாம் ஆண்டில் 20%, மூன்றாம் ஆண்டில் 30%, நான்காம் ஆண்டில் 40%, ஐந்தாம் ஆண்டில் 50% குறைத்துக் கொள்ளப்படுகிறது. சந்தை விலை இதிலிருந்து வேறுபடும் என்றாலும், பேரம் பேச இது ஓர் அளவுகோலாகப் பயன்படுகிறது. 2025 செப்டம்பரில் சிறு வண்டிகளுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 18% ஆகக் குறைக்கப்பட்டது. இதனால் பல புதிய வண்டிகளின் விலை இறங்கியது. ஆகவே முதல் உரிமையாளர் அதற்கு முன் கொடுத்த விலையை அடிப்படையாகக் கொள்ளாமல், அதே வகைப் புதிய வண்டியின் இன்றைய விலையுடன் ஒப்பிடுவதே பொருத்தமாகும்.

கையிலுள்ள தொகை முழுவதையும் வண்டி விலைக்கே செலவிடுவது இடர் தரும். எடுத்துக்காட்டாக, 6 இலட்சம் ரூபாய் வைத்திருப்பவர் 5.25 இலட்சத்துக்குள் வண்டியை முடித்தால், மீதியைப் பெயர் மாற்றம், காப்பீடு, நான்கு டயர்கள், மின்கலம், கிளட்ச் போன்றவற்றுக்கு ஒதுக்க முடியும்.

பொறியும் எரிபொருளும்

விட்டாரா பிரெஸ்ஸா 2020 தொடக்கம் வரை டீசல் பொறியுடன் மட்டுமே விற்கப்பட்டது. அதன் பின் பெட்ரோல் பொறிக்கு மாறியது. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 மாசு விதிகளுக்குப் பின் வந்த டீசல் மகிழுந்துகளில் புகைக்கரி வடிகட்டி உள்ளது. நகருக்குள் குறுகிய தொலைவு மட்டுமே ஓடும் வண்டிகளில் இது அடைபடக்கூடும். நாள்தோறும் சில கிலோமீட்டர் மட்டும் ஓட்டுவோருக்குப் பெட்ரோல் வண்டி ஏற்றதாகும்.

ஈக்கோஸ்போர்ட்டின் 1.0 லிட்டர் பெட்ரோல் பொறி, டஸ்டரின் 1.5 லிட்டர் டீசல் பொறி ஆகியவற்றில் டைமிங் பெல்ட் உண்டு. உரிய காலத்தில் மாற்றப்படாமல் இது அறுந்தால் பொறி பெரும் சேதமடையும். எனவே மாற்றியதற்கான பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். ஃபோர்ட் நிறுவனம் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. உற்பத்தி நின்றுபோன வண்டிகளை வாங்குவோர், தம் ஊரில் பழுதுபார்ப்பு வசதியும் உதிரிப் பாகங்களும் கிடைக்கின்றனவா என்பதை முன்னரே உறுதி செய்து கொள்வது நல்லது.

பாதுகாப்பு

ஒரே பெயருடைய வண்டியிலும் ஆண்டுக்கும் தரத்துக்கும் ஏற்பப் பாதுகாப்பு வசதிகள் வேறுபடும். ஓட்டுநர் காற்றுப்பை 2019 சூலை முதல் புதிய மகிழுந்துகளில் கட்டாயமாக்கப்பட்டது. முன்னிருக்கைப் பயணிக்கான காற்றுப்பை 2021 இறுதியில்தான் எல்லா வகைகளுக்கும் கட்டாயமானது. அதற்கு முந்தைய வண்டிகளின் மலிவு விலைத் தரங்களில் இவை இல்லாதிருக்கலாம். குளோபல் என்காப் அமைப்பின் மோதல் சோதனையில் நெக்சான் 2018 இல் 5 விண்மீன்கள் பெற்றது. இம்மதிப்பை அடைந்த முதல் இந்தியத் தயாரிப்பு அதுவே.

நேரடிச் சோதனை

* டயர்: பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் அது உருவான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2319 என்பது 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்தைக் குறிக்கும்.
* ஓட்டத் தொலைவு: தொலைவுமானியைத் திருத்த முடியும். பராமரிப்புப் பதிவுகள், மிதிகளின் இரப்பர், திசைமாற்றிச் சக்கரத்தின் தேய்மானம் ஆகியவற்றுடன் அதை ஒப்பிட வேண்டும்.
* விபத்து: கதவு, பானெட் ஆகியவற்றின் திருகுகளில் கழற்றிய தடமும், ஒரு கண்ணாடியில் மட்டும் வேறு ஆண்டுக் குறியும் இருப்பது முந்தைய பழுதைச் சுட்டலாம்.
* வெள்ளம்: 2015, 2023 ஆம் ஆண்டுகளின் திசம்பர் வெள்ளத்தில் சென்னையில் ஏராளமான வண்டிகள் மூழ்கின. இருக்கைப் பட்டையை முழுவதும் இழுத்து நீர்க்கறையையும், தரைவிரிப்பின் அடியில் வண்டலையும், இருக்கைத் தண்டவாளத்தில் துருவையும் பார்க்க வேண்டும்.
* பொறி: குளிர்ந்த நிலையில் இயக்கிப் பார்ப்பதே சரியானது. முன்னதாகவே சூடாக்கி வைக்கப்பட்ட பொறியில் சில குறைகள் வெளிப்படா.

நம்பத்தக்க மெக்கானிக் ஒருவரை அழைத்துச் சென்று, வண்டியைத் தூக்கி அடிப்பகுதியைப் பார்க்கச் செய்வது வழக்கம்.

ஆவணங்களும் பெயர் மாற்றமும்

ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றில் உள்ள அடிச்சட்ட எண்ணும் பொறி எண்ணும் வண்டியில் உள்ளவற்றுடன் ஒத்திருத்தல் வேண்டும். வங்கிக் கடன் குறிப்பு இருந்தால், படிவம் 35 உடன் கடன் தீர்ந்த சான்றையும் பெற வேண்டும். தனியார் மகிழுந்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் தகுதிச் சோதனைக்குப் பின் புதுப்பிக்கப்படும்.

பெயர் மாற்றத்துக்குப் படிவங்கள் 29, 30 ஆகியன வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அளிக்கப்படுகின்றன. 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50 ஆம் பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்பவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் விற்பனையைத் தெரிவிக்க வேண்டும். வேறு மாநில வண்டிக்குத் தடையில்லாச் சான்று தேவை. புதிய மாநிலத்தின் சாலை வரியையும் விலையுடன் சேர்த்தே கணக்கிட வேண்டும். தில்லி தலைநகர வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு எதிரான ஆணைகளால் அங்கிருந்து இத்தகைய வண்டிகள் பிற மாநிலங்களுக்கு மலிவாக விற்கப்பட்டன. வரியைச் சேர்க்கும்போது அம்மலிவு பெரும்பாலும் குறைந்துவிடும்.

கையொப்பமிட்ட படிவங்களை மட்டும் கொடுத்து வண்டியை ஒப்படைப்பது இருவருக்கும் இடர் தருவதாகும். பல கை மாறியும் பெயர் மாற்றப்படாத ஒரு மகிழுந்து ஏற்படுத்திய விபத்து வழக்கில், பதிவேட்டில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018 பெப்ரவரியில் தீர்ப்பளித்தது. அவர் அவ்வண்டியை விபத்துக்கு முன்பே விற்றிருந்தார். 2023 ஏப்ரல் முதல், பதிவு பெற்ற பழைய வண்டி வணிகர்களிடம் வண்டி ஒப்படைக்கப்படுவதை அரசுக்குத் தெரிவிக்கும் முறை நடைமுறைக்கு வந்தது.

காப்பீட்டையும் வாங்கிய 14 நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மாற்றாவிடில் சொந்த வண்டிச் சேதத்துக்கான கோரிக்கை மறுக்கப்படலாம். இழப்பீடு கோராமைக்கான தள்ளுபடி வண்டிக்கு உரியதன்று. அது விற்பவருடனேயே செல்லும். ஆகையால் முந்தைய காப்பீட்டுக் கட்டணத்தை விட வாங்குபவர் கூடுதலாகச் செலுத்த நேரிடும்.