ஸ்னைப்பர் எலைட் 4: ஒரு ஜாய்ஸ்டிக்கும் நாகப்பட்டினத்துக் கப்பலும்

போன வாரம் அக்கா பையன் போன் பண்ணினான்.

"மாமா, ஸ்னைப்பர் எலைட் நாலு ஸ்டீம்ல சேல்ல போட்டிருக்கான். மூணாவது ஆடி முடிச்சாச்சு. இதுவும் அதே கதைதானே? ஒளிஞ்சு நின்னு சுடணும், எலும்பு எக்ஸ்ரேல உடையும். வாங்கலாமா, வேணாமா? ஒரே வார்த்தைல சொல்லுங்க."

ஒரே வார்த்தையில் சொல்லத் தெரிந்தால் நான் ஏன் மக்களே இங்கே உட்கார்ந்து பக்கம் பக்கமாய் எழுதிக் கொண்டிருக்கப் போகிறேன்? "வாங்குடா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் அவன் எதிர்பார்க்காத காரணம் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு கப்பல் வருகிறது. நம்ம நாகப்பட்டினத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்த கப்பல். கொஞ்சம் சுத்தி வளைச்சுத்தான் அங்கே போகணும், பொறுத்துக்குங்க.

முதலில் விளையாட்டு. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் இருக்கும் ரெபெல்லியன் என்ற கம்பெனி தயாரித்தது. முதல் பாகம் 2005-ல் வந்தது. இரண்டாவது 2012, மூன்றாவது 2014, நான்காவது 2017 பிப்ரவரி. நம்ம ஹீரோ கார்ல் ஃபேர்பர்ன் கையில் ஒரு தொலைநோக்கித் துப்பாக்கி. சத்தம் போடாமல் போகணும், தூரத்திலிருந்து சுடணும், சுட்டதும் இடத்தை மாத்தணும். ரயில் போகும்போதோ, பழைய ஜெனரேட்டர் தடதடக்கும்போதோ, விமானம் தலைக்கு மேல் பறக்கும்போதோ சுட்டால் குண்டுச் சத்தம் அதில் கரைந்துவிடும். இந்த ஒரு விஷயத்துக்காகவே மணிக்கணக்கில் புதருக்குள் உட்காரலாம்.

மூன்றாம் பாகத்தோடு ஒப்பிட்டால் நான்காவதில் இடம் ரொம்பப் பெரிசு. சுவரில் தொற்றி ஏறலாம், விளிம்பில் தொங்கலாம். சத்தம் குறைவாக வரும் தோட்டாக்கள் தனியாக உண்டு. மொத்தம் எட்டே மிஷன்தான், ஆனால் ஒவ்வொன்றையும் பல வழியில் முடிக்கலாம். ஒரே வழி, ஒரே வாசல் என்ற சலிப்பு இல்லை. அந்தக் கணக்கில் பார்த்தாலே பையனுக்குக் கொடுத்த காசு வசூல்.

எனக்குப் பிடித்தது வேறு. பைனாகுலரில் ஒரு சிப்பாயைக் குறி வைத்தால் அவனைப் பற்றி ஓரிரு வரி திரையில் வரும். இவன் எப்படிப்பட்டவன், என்ன செய்தான், எதை நினைத்துக் கொண்டிருக்கிறான் என்று. சிலருடையதைப் படித்தால் சுட மனசு வராது. சிலருடையதைப் படித்தால் கை தானாக விசைக்குப் போகும். எலும்பு நொறுங்குவதைக் காட்டும் அந்த எக்ஸ்ரே காட்சி பத்து தடவைக்கு மேல் எனக்கு அலுத்துவிட்டது. செட்டிங்ஸில் அதைக் குறைத்து வைக்க வழி இருக்கிறது, நான் குறைத்துவிட்டேன். இந்த ஓரிரு வரி மட்டும் கடைசி வரை அலுக்கவில்லை.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

மூன்றாம் பாகத்தில் நாஜிகளின் ரகசிய ஆயுதம் என்று ஒரு ராட்சச டாங்கியைக் காட்டுவார்கள். ராட்டே என்று பேர், ஆயிரம் டன் எடை. அப்படி ஒரு டாங்கிக்கு 1942-ல் ஜெர்மனியில் வரைபடம் போட்டது நிஜம். ஆனால் கட்டவே இல்லை, 1943-லேயே திட்டத்தை மூட்டை கட்டிவிட்டார்கள். ஆக, நாம் மூன்றாம் பாகத்தில் உயிரைக் கொடுத்து அழித்தது ஒரு காகிதப் புலியைத்தான்.

நான்காம் பாகம் நடப்பது 1943 இத்தாலியில். இதில் வில்லன் ஆயுதம் கப்பல்களை அழிக்கும் ஒரு ஏவுகணை, ரேடியோவால் வழிநடத்தப்படுவது. முதல் தடவை ஆடும்போது 'இதுவும் கப்ஸாதான், ராட்டேவுக்குத் தம்பி' என்று சிரித்தேன். 1943-ல் ரிமோட் ஏவுகணையாம்! அப்புறம் புத்தகத்தைப் புரட்டினால் சிரிப்பு நின்றுவிட்டது. விளையாட்டில் வரும் ஜெனரலும் ஊர்களும் கற்பனை. ஆயுதம் கற்பனை இல்லை.

அந்த வருஷம் இத்தாலியில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிடறேன். 1943 ஜூலை 10 அன்று நேச நாட்டுப் படைகள் சிசிலியில் இறங்கின. ஜூலை 25 அன்று முசோலினி பதவி போச்சு. செப்டம்பர் 3 அன்று இத்தாலி ரகசியமாகச் சரணடைந்தது, 8-ம் தேதி வெளியே அறிவித்தார்கள். மறுநாளே அமெரிக்கரும் ஆங்கிலேயரும் சலேர்னோவில் இறங்கினார்கள். நேற்று வரை ஜெர்மனிக்குக் கூட்டாளியாக இருந்த இத்தாலியக் கடற்படை, ஜெர்மனியின் கையில் சிக்காமல் தப்பிக்கக் கிளம்பியது.

அதில் முன்னணிக் கப்பல் ரோமா. 1942-ல்தான் சேவைக்கு வந்த புத்தம் புதுப் போர்க்கப்பல். செப்டம்பர் 9 மதியம் சார்டினியாவுக்கு வடக்கே போய்க்கொண்டிருந்தபோது ஜெர்மன் டோர்னியர் விமானங்கள் வந்தன. வழக்கமாகக் குண்டு போட வருகிற விமானம் கப்பலுக்கு மேலே வரும், தப்பிக்கக் கப்பல் வளைந்து நெளிந்து ஓடும். அன்றைக்கு விழுந்த குண்டுகளோ கப்பலைத் துரத்திக்கொண்டு திரும்பின. இரண்டு குண்டு பட்டு, ரோமா இரண்டாக உடைந்து மூழ்கியது. அட்மிரல் பெர்காமினி உட்பட ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள்.

அந்தக் குண்டின் பெயர் ஃபிரிட்ஸ் எக்ஸ். ஏறக்குறைய ஒன்றரை டன் எடை. அதற்கு எஞ்சின் கிடையாது, உயரத்திலிருந்து விழும் வேகம்தான். கூடவே இன்னொரு தம்பி இருந்தான், ஹென்ஷல் ஹெச்எஸ் 293. அவனுக்குச் சின்னதாய் இறக்கைகளும், அடியில் ஒரு ராக்கெட்டும் உண்டு. கப்பல் பீரங்கிகளுக்கு எட்டாத தூரத்தில் விமானம் நின்றுகொண்டு இவனை அனுப்பலாம். 1943 ஆகஸ்ட் 27 அன்று ஸ்பெயின் பக்கத்தில் ஈக்ரெட் என்ற ஆங்கிலக் கப்பலை இவன்தான் மூழ்கடித்தான். வழிநடத்தப்பட்ட ஏவுகணையால் மூழ்கிய முதல் கப்பல் அதுதான்.

இதை எப்படி ஓட்டினார்கள் தெரியுமா? ஜாய்ஸ்டிக்!

நான் அதைப் படித்தபோது என் மேஜையில் கிடந்த கன்ட்ரோலரைப் பார்த்தேன். விமானத்தில் ஒரு ஆள், கையில் சின்னக் குச்சி. ஏவுகணையின் வாலில் பளிச்சென்று எரியும் ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சத்தையும் தூரத்துக் கப்பலையும் ஒரே கோட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். வலப்பக்கம் விலகினால் குச்சியை இடப்பக்கம் தள்ளணும், அவ்வளவுதான். கார்ல் ஃபேர்பர்ன் பைனாகுலரில் பார்த்தால் முகம் தெரியும், பேர் தெரியும், ஓரிரு வரிக் கதை தெரியும். இந்த ஆளுக்குத் தெரிந்தது ஒரு வெளிச்சமும் ஒரு கறுப்புப் புள்ளியும் மட்டும்.

அப்படி ஒரு கறுப்புப் புள்ளிதான் ரோனா.

எங்கள் வீட்டில் அந்தப் பேர் புழங்கும். தாத்தா 1930-களில் பினாங்குக்குப் போனது ரோனா கப்பலில். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்கு ஜோடிக் கப்பல்கள் இரண்டு, ரஜூலாவும் ரோனாவும். இரண்டும் 1926-ல் கட்டியவை. மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய் வரும். ஒரே தடவையில் டெக்கில் மட்டும் ஐயாயிரம் பேர் வரைக்கும் ஏற்ற அனுமதி இருந்த கப்பல்கள். டெக் பயணம்னா என்னன்னு தெரியும்தானே? பாயை விரிச்ச இடம்தான் வீடு. தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் கடைக்கும் வேலைக்குப் போன நம்ம சனம் இப்படித்தான் அக்கரை போச்சு. ரஜூலா 1970-களின் தொடக்கம் வரை ஓடியதால் அது பலருக்கு ஞாபகம் இருக்கிறது. ரோனாவை யாருக்கும் தெரியாது. பாட்டி மட்டும் சொல்லுவாள், "ரஜூலா திரும்பி வந்துச்சு. ரோனா வரலை. சண்டையில முழுகிப் போச்சாம்." எங்கே, எப்படி என்று கேட்டால் கையை விரிப்பாள்.

போர் வந்ததும் இரண்டு கப்பலையும் துருப்பு ஏற்ற எடுத்துக்கொண்டார்கள். 1943 நவம்பர் 26, அல்ஜீரியக் கரையோரம். ஏறக்குறைய 2000 அமெரிக்கச் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு ரோனா கூட்டத்தோடு கிழக்கே போய்க்கொண்டிருந்தது. அவர்கள் போக வேண்டிய இடம் எது என்று நினைக்கிறீர்கள்? இந்தியா. பர்மா, சீனப் போர்முனைக்கு நம்ம ஊர் வழியாகப் போக வேண்டியவர்கள். சாயங்காலம் ஜெர்மன் விமானங்கள் வந்தன. ஹெயின்கல் விமானம் ஒன்றிலிருந்து ஒரே ஒரு ஹெச்எஸ் 293. எஞ்சின் அறைப் பக்கம் வந்து பாய்ந்தது.

கடல் கொந்தளிப்பு. உயிர்காப்புப் படகுகள் பல உடைந்து கிடந்தன, பலவற்றை இறக்கவே முடியவில்லை. குளிர்ந்த தண்ணீரில் இருட்டும் சேர்ந்துகொண்டது. பயனியர் என்ற சின்ன அமெரிக்கக் கப்பல் மட்டும் 606 பேரைத் தூக்கி எடுத்தது. 1015 அமெரிக்கச் சிப்பாய்கள் செத்தார்கள். கடலில் எதிரித் தாக்குதல் ஒன்றில் அமெரிக்கத் துருப்புகள் இத்தனை பேர் ஒரே கப்பலில் இறந்தது வேறெப்போதும் இல்லை. கப்பல் ஊழியர்களிலும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள், பெரும்பாலும் இந்திய மாலுமிகள்.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. ஏவுகணை எவ்வளவு நன்றாக வேலை செய்தது என்று ஜெர்மனிக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று விஷயத்தை அமுக்கினார்கள். தப்பி வந்தவர்களிடம் வாயைத் திறக்காதே என்றார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளுக்கு எந்தக் கப்பல், என்ன ஆயுதம் என்று சொல்லவில்லை. போர் முடிந்தும் பல வருஷம் அப்படியே கிடந்தது. 2000-ல்தான் அமெரிக்க காங்கிரஸ் தீர்மானம் போட்டு அந்தச் சிப்பாய்களை நினைவுகூர்ந்தது. அமெரிக்காவில் ஏதோ ஒரு ஊரில் ஒரு தாய்க்கும், இங்கே என் பாட்டிக்கும் தெரிந்திருந்தது ஒரே அளவுதான். முழுகிப் போச்சாம். அவ்வளவே.

நேச நாடுகள் சும்மா இருக்கவில்லை. ஏவுகணைக்குப் போகும் ரேடியோ சமிக்ஞையைக் குழப்பும் கருவிகளைக் கப்பல்களில் ஏற்றினார்கள். 1944 ஜூனில் நார்மண்டியில் இறங்கும்போது இந்த ஆயுதத்தின் பல் பெரும்பாலும் பிடுங்கப்பட்டிருந்தது. அதைச் செய்தவர்கள் துப்பாக்கி தூக்கிய கார்ல் ஃபேர்பர்ன் இல்லை. ரேடியோ அலைவரிசையைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள், பரிசோதனைச் சாலையில் கம்பி சுத்தினவர்கள். அதை வைத்து ஷூட்டர் கேம் பண்ணினால் ஒருத்தரும் வாங்க மாட்டார்கள், அதுவும் புரிகிறது. :)

இப்போ பையன் கேள்விக்கு வருவோம். ஆடலாமா? ஆடலாம். மறைந்து தாக்கும் ஆட்டமாக மூன்றாவதைவிட நான்காவது எல்லா விதத்திலும் மேல். வரலாற்றுக்காகவும் ஆடலாம், ஆனால் அதை முழுசாக நம்பக் கூடாது. விளையாட்டில் கடைசியில் நாம் ஜெயித்து, கப்பல்களைக் காப்பாற்றிவிடுகிறோம். நிஜத்தில் ரோனாவைக் காப்பாற்ற யாரும் மலை உச்சியில் படுத்திருக்கவில்லை. ஆயுதம் உண்மை, அதை ஒரே ஆள் தடுத்தான் என்பது பொய். இந்த இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டு ஆடினால் நஷ்டமில்லை.

எனக்குக் கிடைத்த லாபம் தனி. ரிமோட் ஏவுகணையா என்று சிரித்துவிட்டு, பொய் என்று நிரூபிக்கத் தேடப் போய்த்தான் ரோனா என்ற பேரில் முட்டிக்கொண்டேன். பாட்டி கையை விரித்த கேள்விக்குப் பதில் கிடைத்தது. சொல்லத்தான் பாட்டி இல்லை. பையன் எட்டு மிஷனும் முடிச்சுட்டுப் பேசும்போது, அவன் கொள்ளுத்தாத்தா பாய் விரிச்சுப் படுத்துப் போன கப்பல் எங்கே கிடக்குதுன்னு அவனுக்காவது சொல்லணும்.

டிஸ்கி: இதே வரிசையில் 2022-ல் ஐந்தாம் பாகமும் 2025-ல் ரெசிஸ்டன்ஸும் வந்துவிட்டன, இரண்டும் பிரான்சில் நடப்பவை. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் நான்கிலேயே ஆரம்பிக்கலாம். ரத்தம் ஜாஸ்தி, வீட்டில் சின்னப் பசங்க இருந்தால் அவங்க தூங்கின அப்புறம் ஆடுங்க.