தமிழ்நாட்டில் மேல்நிலை உயிரியல் மாணவர்களின் கோடைப் படிப்பு

தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்பில் உயிரியல் எடுத்த மாணவர்களுக்குக் கோடை விடுமுறை பல பத்தாண்டுகளாகவே முழு விடுமுறையாக இருந்ததில்லை. அந்த வாரங்களில் எந்தப் புத்தகத்தைத் திறப்பது, அதை எப்படிப் படிப்பது என்பது மருத்துவக் கல்லூரி இடத்தை எந்தத் தேர்வு தீர்மானித்தது என்பதைப் பொறுத்து மாறிவந்துள்ளது.

நுழைவுத்தேர்வுக் காலம்

கல்லூரிகளில் நடந்த புகுமுக வகுப்பை நீக்கி, 1978இல் பள்ளிகளிலேயே மேல்நிலைக் கல்வி தொடங்கப்பட்டது. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980இல் நடந்தது. தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத்தேர்வு 1984இல் வந்தது. மருத்துவச் சேர்க்கைக்கான தகுதி மதிப்பெண் 300. இதில் பொதுத்தேர்வு மதிப்பெண்ணிலிருந்து உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 எடுத்துக்கொள்ளப்பட்டன. மீதி 100 நுழைவுத்தேர்வுக்கு உரியது.

மார்ச்சில் பொதுத்தேர்வு முடிந்ததும் மாணவர் அதே தாவரவியல், விலங்கியல் புத்தகங்களை மறுபடி எடுத்தார். படிக்கும் விதம்தான் வேறு. பொதுத்தேர்வுக்குப் படம் வரைந்து பாகம் குறிக்கவும், பக்கக் கணக்கில் விடை எழுதவும் தெரிந்தால் போதும். நுழைவுத்தேர்விலோ நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குன்றல் பகுப்பின் நிலைகளை வரிசையாக ஒப்பித்தவரிடம், குறுக்கெதிர் மாற்றம் எந்த நிலையில் நடக்கிறது என்று மட்டும் கேட்டால் ‘பாக்கிடீன்’ என்ற ஒரே சொல் நினைவுக்கு வர வேண்டும். அதனால் பாடத்தை வரி வரியாக அடிக்கோடிட்டுப் படிக்கும் பழக்கம் ஏற்பட்டது. உண்மையில் பலர் பாடத்தை முழுமையாக வாசித்தது இந்த வாரங்களில்தான் எனலாம்.

ஆனால் அதற்கான பயிற்சி வகுப்புகள் பெரும்பாலும் நகரங்களில் இருந்தன. கிராமத்து மாணவருக்குக் கட்டணத்தோடு தங்குமிடச் செலவும் சேர்ந்தது. 2006இல் எம். அனந்தகிருஷ்ணன் தலைமையில் அமைக்கப்பட்ட குழுவை அடுத்து அதே ஆண்டு சட்டம் இயற்றப்பட்டு, 2007-08 சேர்க்கை முதல் மாநில நுழைவுத்தேர்வு நீங்கியது.

முந்தைய கோடைக்கு நகர்ந்த சுமை

தகுதி மதிப்பெண் 200 ஆனது. பிளஸ் டூ மதிப்பெண்ணே எல்லாம் என்றானது. பொதுத்தேர்வுக்குப் பிந்தைய கோடை காலியானது. ஆனால் 11ஆம் வகுப்புக்கும் 12ஆம் வகுப்புக்கும் இடைப்பட்ட கோடை நிரம்பிவிட்டது. தனியார் பள்ளிகள் பலவற்றில் 11ஆம் வகுப்புப் பாடத்தை மேலோட்டமாக முடித்துவிட்டு 12ஆம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே தொடங்கினர். விடுமுறையில் வகுப்பு நடத்தக் கூடாது என்று கல்வித்துறை திரும்பத் திரும்ப அறிவுறுத்த வேண்டியிருந்தது. 11ஆம் வகுப்புப் பாடம் புறக்கணிக்கப்படுவதைத் தடுக்கவே 2017-18 கல்வியாண்டு முதல் அவ்வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது.

நீட் தேர்வுக்குப் பின்

தமிழ்நாட்டு அரசு இடங்களுக்கும் நீட் கட்டாயமானது 2017இல். தேர்வு மே 7 அன்று நடந்தது. பொதுத்தேர்வு முடிந்து கிடைத்தது சுமார் ஐந்து வாரம். மொத்த மதிப்பெண் 720இல் உயிரியலுக்கு மட்டும் 360. சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறினால் 1 மதிப்பெண் குறையும்.

பழைய நுழைவுத்தேர்வுக் காலத்துக்கும் இதற்கும் உள்ள முக்கிய வேறுபாடு புத்தகம். இரண்டு ஆண்டுகள் படித்த மாநிலப் பாடநூலை வைத்துவிட்டு, என்.சி.இ.ஆர்.டி. உயிரியல் புத்தகத்தைப் படிக்க வேண்டியிருந்தது. அப்போது அதன் 38 பாடங்களில் 22 பாடங்கள் 11ஆம் வகுப்புக்கு உரியவையாக இருந்தன. உயிரணு, ஒளிச்சேர்க்கை, மனித உடற்செயலியல் எல்லாம் அவற்றில் அடக்கம். வினாத்தாள் தமிழில் கிடைத்தது, ஆனால் அந்தப் புத்தகம் தமிழில் இல்லை. ஐந்து வாரத்தில் செய்வது மீள்பார்வையாக இல்லாமல் புதுப் படிப்பாகவே ஆனது. அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்தவர். நீட் தேர்வில் அவர் பெற்றது 86. நீட்டுக்கு எதிரான வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை சென்ற அவர், 2017 செப்டம்பர் 1 அன்று உயிரிழந்தார்.

தமிழ் வினாத்தாளும் சிக்கலின்றி இல்லை. 2018இல் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழை இருப்பதாக வழக்குத் தொடரப்பட்டது. சிறுத்தையைக் குறிக்க ‘சீத்தா’ என்று அச்சிட்டிருந்தார்கள். தமிழில் படித்தவருக்கு அது ஒரு பழத்தின் பெயர். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் வழங்க உத்தரவிட்டது; உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

2018-19 முதல் மாநிலப் பாடநூல்கள் புதிதாக எழுதப்பட்டன. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இலவசப் பயிற்சி மையங்களும் திறக்கப்பட்டன. மருத்துவச் சேர்க்கையில் அவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. ஆயினும் ஒரு கோடை போதாது என்பது விரைவில் தெரிந்தது. நீதிபதி ஏ.கே. ராஜன் குழுவின் 2021 அறிக்கைப்படி, 2020-21இல் மருத்துவ இடம் பெற்றவர்களில் 71 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் இரண்டாம் முறையாகவோ அதற்கு மேலோ தேர்வு எழுதியவர்கள். இவ்வாறு மறுபடி எழுதுபவர்களுக்குக் கோடை மீள்பார்வை ஓர் ஆண்டுப் படிப்பாக நீண்டது. மே மாதம் தேர்வெழுதி, முடிவில் மதிப்பெண் போதாதவர்கள் மீண்டும் 11ஆம் வகுப்பு உயிரியலின் முதல் பாடத்திலிருந்து தொடங்குகிறார்கள்.