குறைஞ்ச செலவுல கன்னியாகுமரி போறீங்களா? ஏமாறாம இருக்க இதைப் படிச்சிட்டு கிளம்புங்க!

ராஜபாளையம்:

மில்லில் ஷிப்டு மாத்தி, சீட்டுப் பணத்தில் கொஞ்சம் எடுத்து, முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு கன்னியாகுமரிக்கு பஸ் ஏறும் வாலிபர்கள் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதியில் ஏராளம். சத்திரப்பட்டி பேண்டேஜ் தறிக்காரர்கள் பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் குடும்பத்தோடு கிளம்புவார்கள். ஆனால் திரும்பி வந்தவர்களிடம் "எப்படிய்யா இருந்துச்சு?" என்று கேட்டால் பலர் உதட்டைப் பிதுக்குகிறார்கள். சூரியனும் தெரியல, படகும் ஓடல, ரூம் வாடகை போனதுதான் மிச்சம் என்பதே இவர்களின் புலம்பல்.

தப்பு ஊர் மேல் இல்லை. போகிற மாசத்தில்தான் கோளாறு. அந்த விவரம் இதோ:

எப்படிப் போவது?

ராஜபாளையத்தில் இருந்து கன்னியாகுமரி சுமார் 170 கிலோமீட்டர். பஸ்சில் சங்கரன்கோவில், நெல்லை, நாகர்கோவில் வழியாகப் போக வேண்டும். நெல்லையில் பஸ் மாறுவது வழக்கம். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் இதோடு ராஜபாளையம் வரை உள்ள 10 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ரெயிலில் போக நினைத்தால் ஒரு சிக்கல். பொதிகை எக்ஸ்பிரஸ் ஓடும் நம்ம லைன் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் போய்விடுகிறது. கன்னியாகுமரி லைன் விருதுநகரில் பிரிந்து கோவில்பட்டி, நெல்லை வழியாகப் போகிறது. எனவே விருதுநகர் போய் மாறலாம். அல்லது தென்காசி போய், அங்கிருந்து நெல்லைக்கு ரெயில் பிடிக்கலாம். கன்னியாகுமரி ஸ்டேஷனில் இறங்கினால் கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். ஆட்டோ காசு மிச்சம்.

குற்றாலத்துக்கு நல்ல காத்து, குமரிக்கு ஆகாது

ஜூனில் குற்றாலத்தில் சாரல் விழுந்தால் நமக்கெல்லாம் கொண்டாட்டம். அந்தச் சாரலைக் கொண்டு வருவது தென்மேற்குக் காற்று. அதே காற்றுதான் குமரியில் மேகத்தைக் கூட்டி சூரியனை மறைக்கிறது. கடலையும் கொந்தளிக்க வைக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை விடியற்காலையில் எழுந்து போய் கடற்கரையில் காத்துக் கிடந்தும், வெறும் மேகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் அதிகம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போதும் வானம் நிச்சயமில்லை.

மே மாத லீவில் போகிறவர்களுக்கு வேறொரு ஏமாற்றம் காத்திருக்கிறது. அந்தச் சமயம் சூரியன் வடமேற்கே சாய்வதால், முக்கடல் முனையில் நின்று பார்த்தால் கடலுக்குள் இறங்காமல் கரைப் பக்கம் போய் மறையும். "கடல்ல சூரியன் முங்குறதைக் காட்டுறேன்" என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்தவர்கள் விழிக்க வேண்டியதுதான்.

ஜனவரி கடைசியில் இருந்து மார்ச் வரைதான் நல்ல சமயம். வானம் தெளிவாக இருக்கும். அஸ்தமனமும் கடலில் தெரியும். உதயத்தைப் பார்க்க காலை 6 மணிக்குள் கரைக்குப் போய்விட வேண்டும். சித்ரா பவுர்ணமி மாலையில் மேற்கே சூரியன் மறைய, கிழக்கே நிலா எழும் காட்சி இங்கே பிரபலம். ஆனால் அன்றைக்குக் கூட்டமும் நெரியும்.

படகு ஏன் நிற்கிறது?

பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகப் படகுகள் வழக்கமாக காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை ஓடுகின்றன. பலத்த காற்று அடித்தாலோ, அலை உயர்ந்தாலோ சர்வீஸ் நிறுத்தப்படும். அமாவாசை, பவுர்ணமியை ஒட்டி நீர்மட்டம் தாழ்ந்தாலும் படகு பாறையில் தட்டும் என்பதால் நிறுத்துவது உண்டு.

முன்பெல்லாம் நீர்மட்டம் தாழ்ந்த நாட்களில் விவேகானந்தர் பாறையோடு திருப்பி அனுப்பி விடுவார்கள். 133 அடி வள்ளுவர் சிலையைத் தூர நின்றுதான் பார்க்க முடியும். 2024 டிசம்பர் 30-ந்தேதி 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்ட பிறகு, பாறையில் இருந்து சிலைக்கு நடந்தே போகலாம். ஆனாலும் பாறைக்குப் போகவே படகு வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. எனவே அமாவாசை, பவுர்ணமியைத் தவிர்த்து நாள் பாருங்கள். போனதும் காலையிலேயே படகு வரிசையில் நின்றுவிடுங்கள். மத்தியானத்துக்குத் தள்ளிப்போட்டால் காற்று எழும்பி, காத்திருந்ததே மிச்சமாகலாம்.

வாடகை ஏறும் நாட்கள்

கார்த்திகை 1 முதல் மகரவிளக்கு வரை சபரிமலை சீசன். அய்யப்ப பக்தர்கள் திரளாக வருவதால் ரூம் கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் கேட்கிற வாடகையைக் கொடுக்க வேண்டியதுதான். ஆடி, தை அமாவாசை நாட்களிலும் கூட்டம் அலைமோதும்.

விவேகானந்தபுரம் வளாகத்தில் பல பேர் சேர்ந்து தங்கும் கூடம் உண்டு. நாலைந்து நண்பர்களாகப் போகிறவர்கள் முதலில் அங்கே விசாரிக்கலாம். எங்கே தங்கினாலும் வாடகையைப் பேசி முடித்த பிறகே பையை இறக்குங்கள்.

மணல் எங்கே?

மெரினா மாதிரி அகலமான மணல் இருக்கும் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். முக்கடல் சங்கமம் பாறைகள் நிறைந்த கரை. மணலில் உட்கார ஆசைப்பட்டால் நாகர்கோவில் பக்கம் உள்ள சொத்தவிளை, சங்குத்துறை கடற்கரைகளுக்குப் போகலாம். ஆனால் அங்கே கரையோடு நிற்பதே நல்லது.

உயிரைப் பறித்த கள்ளக்கடல்

இங்கே காற்றும் இல்லாமல், மழையும் இல்லாமல் கடல் திடீரென்று கரை ஏறுவதைத்தான் மீனவர்கள் கள்ளக்கடல் என்கிறார்கள். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயல் கிளப்பிவிட்ட அலை, பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்து வந்து நம்ம கரையில் மோதுகிறது. 2024 மே 6-ந்தேதி குமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் இறங்கிய 5 பயிற்சி டாக்டர்கள் இந்த அலையில் சிக்கிப் பரிதாபமாக இறந்தனர். இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் முன்கூட்டியே எச்சரிக்கை விடுத்திருந்தது. லீவுக்கு நாம் போகும் மே மாசத்தில் நடந்த சோகம் இது. வானம் தெளிவாக இருக்கிறதே என்று நம்பி இறங்காதீர்கள். எச்சரிக்கை வந்த நாளில் காலைக்கூட நனைக்க வேண்டாம்.

படகு ஓடலைன்னா?

பணம் வீணாகவில்லை. கரையிலேயே பகவதி அம்மன் கோவில் இருக்கிறது. காந்தி மண்டபத்தில் அக்டோபர் 2-ந்தேதி மத்தியானம், அஸ்தி வைத்திருந்த இடத்தில் சூரிய ஒளி விழும்படி கட்டியிருக்கிறார்கள். பக்கத்திலேயே நம்ம மாவட்டத்துக்காரர் காமராஜருக்கும் மணிமண்டபம் உண்டு. டவுன் பஸ் ஏறினால் வட்டக்கோட்டை. நாகர்கோவில் போகும் வழியில் சுசீந்திரம் கோவிலில் தட்டினால் இசைக்கும் தூண்களையும், 18 அடி அனுமாரையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பலாம்.

மொத்தத்தில் சுருக்கமாகச் சொன்னால் சாரல் காலத்தில் குற்றாலம், மாசி பங்குனியில் குமரி. கிளம்புவதற்கு முந்தின நாள் வானிலையையும் கடல் எச்சரிக்கையையும் பாருங்கள். திரும்பி வர பஸ் காசைத் தனியாக முடிந்து வையுங்கள். அப்புறம் பாருங்க, ஊர் வந்ததும் புலம்பல் இருக்காது!