குடிசார் பொறியியலிலிருந்து செயற்கை நுண்ணறிவுக்கு: ராஜ் ரெட்டியின் துறைமாற்றம்

கடல்கடந்து சென்ற பொறியியலாளர் ஒருவர் தாம் கற்ற துறையை விடுத்துப் புதியதொரு துறையிற் புகழ் பெறும்போது, அதனைத் தனிமனித ஆற்றலின் விளைவாக மட்டும் கொள்வது பொதுவழக்கு. செயற்கை நுண்ணறிவின் முன்னோடிகளுள் ஒருவரான ராஜ் ரெட்டியின் வரலாற்றையும் அவ்வாறு வாசித்தல் எளிது. ஆயின் அவர் சென்ற காலத்தையும் இடங்களையும் சேர்த்து நோக்குமிடத்து வேறொரு தோற்றம் புலப்படும்.

ரெட்டி 1937இல் அன்றைய சென்னை மாகாணத்துக் காட்டூர் என்னும் கிராமத்திற் பிறந்தவர். 1958இல் கிண்டிப் பொறியியற் கல்லூரியிற் குடிசார் பொறியியற் பட்டம் பெற்றார். அணையும் பாலமுமே நாட்டின் முதற்றேவையெனக் கருதப்பட்ட காலம் அது. பின்னர் சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்திற் பயின்று 1960இல் முதுநிலைப் பட்டம் பெற்றார். அங்கு 1956 முதல் யூட்டெக்கொம் என்னும் கணனி இயங்கிவந்தது. கட்டமைப்புக் கணக்குகளைத் தீர்க்கும் கருவியாகவே குடிசார் பொறியியலாளர் பலர் கணனியை முதலில் அறிந்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. அதன்பின் ஐ.பி.எம். நிறுவனத்தின் அவுஸ்திரேலியக் கிளையிற் பணியாற்றிய ரெட்டி, 1963இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தை அடைந்தார்.

அவர் சேர்ந்தபோது அங்கு கணனியியல் தனித்துறையாக அமைந்திருக்கவில்லை. அது 1965இலேயே நிகழ்ந்தது. அவருக்கு வழிகாட்டிய ஜோன் மக்கார்த்தி கணிதத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். இத்துறையின் மற்றொரு மூலவரான ஹேர்பேட் சைமனோ அரசறிவியலிற் பெற்றவர். கணனியியற் பட்டதாரிகளே புகலாம் என விதிப்பதற்கு அத்தகையோர் அன்று இல்லை எனலாம். 1966இல் ரெட்டி கலாநிதியானார். அதற்கு முந்திய ஆண்டில் இயற்றப்பட்ட குடிவரவுச் சட்டம், இந்தியருக்கு ஆண்டொன்றுக்கு 100 பேர் என்றளவில் இருந்த ஒதுக்கீட்டு முறைக்கு முடிவு கட்டியது. ஆற்றலை மறுப்பதற்கில்லை, அவ்வாற்றலுக்கு இடமளித்த இச்சூழலையும் மறைத்தல் ஆகாது.

1969இல் அவர் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். அதே ஆண்டில், பேச்சை இயந்திரம் அறியச்செய்யும் முயற்சிகளைப் பெல் ஆய்வுகூடத்தின் ஜோன் பியர்ஸ் கடுமையாகக் கண்டித்து எழுதினார். அக்கண்டனத்தில் நியாயமும் இருந்தது: ஒரே சொல் வாய்க்கு வாய் வேறுபடும், ஒலியை மட்டும் கொண்டு உறுதியான முடிவுக்கு வரலாகாது. ரெட்டியின் குழுவினர் உருவாக்கிய ஹியர்சே அமைப்புகளில் ஒலி, சொல், தொடரமைப்பு ஆகியன பற்றிய அறிவு தனித்தனிப் பகுதிகளாக நின்று, ஒன்றின் ஊகத்தை மற்றொன்று திருத்தியது. ஐயத்துக்கிடமான உறுப்புகளைக் கொண்டு நம்பத்தக்க அமைப்பொன்றை எழுப்பும் இம்முறையிற் பழைய பொறியியலாளரைக் காணலாம். எனினும் இவ்வொப்புமையை மிகைப்படுத்தல் பொருந்தாது. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆய்வு முகவரகம் 1971இல் 1,000 சொற்களை அறியும் அமைப்பொன்றை இலக்காக வகுத்தது. 1976இல் அக்குழுவின் ஹார்ப்பி 1,011 சொற்களைக் கையாண்டு அவ்விலக்கை எய்தியது. படைத்துறைப் பணமின்றி இது நிகழ்ந்திருக்குமா என்பது ஐயமே.

1994ஆம் ஆண்டுக்குரிய டியூரிங் விருதை ரெட்டியுடன் பகிர்ந்த எட்வேட் பைகன்போமும் முதலில் மின்பொறியியல் கற்றவரே. இன்று புலம்பெயரும் பொறியியலாளர் இத்துறையை நாடுங்கால், அதற்கெனத் தனிப்பட்டங்களும் நெருக்கமான போட்டியும் முன்னிற்கின்றன. கிராமப்புற மாணவருக்கென ஆந்திராவில் 2008இல் நிறுவப்பட்ட ராஜீவ் காந்தி அறிவுத் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தராக ரெட்டி விளங்கினார்.